தனிம வரிசை அட்டவணை: நீண்ட வரி எங்கே மடிகிறது?

வாசகர் கேள்வி, ஜூன் 2

"தனிம வரிசை அட்டவணை என்பது அணு எண் ஏறும் வரிசையில் தனிமங்களை எழுதிவைத்த பட்டியல்தான். ஒன்றிலிருந்து 118 வரை எண்ணத் தெரிந்த எவரும் அதை எழுதிவிடலாம். அதை ஏன் அவ்வளவு பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள்? எழுதியதையும் சீரான செவ்வகமாக எழுதாமல், இரு ஓரங்களும் உயர்ந்து நடுவில் பள்ளம் விழுந்த உருவத்தில் ஏன் எழுதினார்கள்?"

ஜூன் 3

அணு எண் வரிசைமுறையை மட்டுமே தருகிறது. அந்த நீண்ட வரியை எந்த இடத்தில் நிறுத்தி அடுத்த வரிக்குக் கொண்டுபோவது என்பதை அது சொல்வதில்லை. அட்டவணையின் அறிவெல்லாம் அந்த மடிப்பில்தான் இருக்கிறது.

இதை நான் உணர்ந்தது ஒரு காகித நாடாவில்தான். தாள்களை நீளவாக்கில் வெட்டி ஒட்டி, 2 செ.மீ.க்கு ஒன்றாக 118 கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் தனிமத்தின் பெயரையும் அது ஆக்சிஜனுடன் சேரும் விகிதத்தையும் எழுதினேன். நாடா 236 செ.மீ. நீண்டது. தரையில் விரித்து, முழந்தாளிட்டு நகர்ந்தபடியே படித்தேன். மூன்றாம் கட்டத்தில் லித்தியம்; எட்டுக் கட்டம் தாண்டினால் அதைப் போலவே எலக்ட்ரானை எளிதில் இழக்கும் சோடியம்; மேலும் எட்டுத் தாண்டினால் பொட்டாசியம். அதே கணக்கில் இன்னும் எட்டுத் தாண்டியபோது அங்கே நின்றது கோபால்ட். ருபீடியத்தைக் காண 18 கட்டங்கள் நகரவேண்டியிருந்தது. அதிலிருந்து சீசியத்துக்கு மீண்டும் 18, அங்கிருந்து பிரான்சியத்துக்கு 32.

கார உலோகங்கள் எனப்படும் இந்த லித்தியம், சோடியம் குடும்பத்தின் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கத்தரித்தேன். 2, 8, 8, 18, 18, 32, 32 என ஏழு துண்டுகள் கிடைத்தன. இவற்றை ஒத்த தனிமத்தின் கீழ் ஒத்த தனிமம் வருமாறு அடுக்கினால், எட்டுக் கட்டத் துண்டுகளை இடையில் வெட்டி இரு பக்கமும் விலக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மெக்னீசியம் கால்சியத்தின் மேல் நிற்கவேண்டும். அதற்கு அடுத்த அலுமினியமோ காலியத்தின் மேல் நிற்கவேண்டும். கால்சியத்துக்கும் காலியத்துக்கும் இடையில் பத்துத் தனிமங்கள் இருக்கின்றன. நீங்கள் கேட்ட பள்ளம் அதுதான்.

கத்தரித்த இடம் என் விருப்பத்தால் அமைந்ததன்று. நியான் அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானை அகற்ற மோலுக்கு 2081 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அடுத்த கட்டமான சோடியத்துக்கு 496 போதும். ஒரே அடியில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அணுவில் எலக்ட்ரான்கள் கூடு கூடாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கூடு நிரம்பி அடுத்த கூடு தொடங்குவதே காரணம்.

ஜூன் 4, காலை

நாடாவை நான் முதலில் வெட்டியது மேலே சொன்னபடி அல்ல என்பதையும் பதிவுசெய்யவேண்டும். எட்டு எட்டாகவே வெட்டிக்கொண்டு போனேன். அலுமினியத்தின் கீழ் ஸ்காண்டியம், சிலிக்கானின் கீழ் டைட்டானியம், பாஸ்பரஸின் கீழ் வனேடியம், கந்தகத்தின் கீழ் குரோமியம், குளோரினின் கீழ் மாங்கனீசு என்று வந்தது. தவறு என்று கலைக்கப் போனவன், கட்டங்களில் எழுதியிருந்த ஆக்சைடு விகிதங்களைப் பார்த்து நின்றுவிட்டேன். உயர்ந்தபட்ச ஆக்சிஜனேற்ற நிலைகள் (ஆக்சிஜனுடன் சேர்கையில் ஓர் அணு விட்டுத்தருவதாகக் கணக்கிடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) 3, 4, 5, 6, 7 என்று மேலும் கீழும் ஒன்றாகவே இருந்தன.

மாங்கனீசு உலோகத்துக்கும் குளோரின் வாயுவுக்கும் பார்வைக்கு எந்த உறவும் இல்லை. ஆனால் இரண்டும் 7 என்ற நிலைக்கு ஏறும்போது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் ஒரே படிக அமைப்பைக் கொள்கின்றன. பெர்குளோரேட்டின் சூடான கரைசலில் பெர்மாங்கனேட்டைச் சிறிதளவு கலந்து மெல்லக் குளிரவிட்டிருக்கிறேன். நிறமற்று வரவேண்டிய படிகங்கள் இளஞ்சிவப்பாக வந்தன. வடிதாளில் வைத்துக் குளிர்ந்த நீரால் எத்தனை முறை கழுவியும், கீழே வழிந்த நீர் தெளிந்ததே தவிரப் படிகத்தின் நிறம் போகவில்லை. பெர்மாங்கனேட் மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பெர்குளோரேட்டின் இடத்தில் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவின் 1871ஆம் ஆண்டு அட்டவணை இந்த எட்டு மடிப்பைத்தான் பின்பற்றியது. மாங்கனீசுக்கு அடுத்த இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் எட்டில் அடங்காததால், அவற்றை எட்டாம் தொகுதி, அதாவது எட்டாம் நெடுவரிசை, என ஒன்றாகச் சேர்த்து வைத்தார். ஆகவே ஒரே நாடாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நியாயமான மடிப்புகள் உண்டு.

ஜூன் 4, இரவு

ஜூன் 3 குறிப்பின் கடைசி வரியைத் திருத்துகிறேன். "ஒரு கூடு நிரம்பி அடுத்த கூடு தொடங்குவதே காரணம்" என்பது நியானுக்குப் பொருந்தும், ஆர்கானுக்குப் பொருந்தாது. மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்களுக்கு இடம் உண்டு. ஆர்கானில் அங்கே இருப்பவை எட்டு மட்டுமே. பத்து இடங்கள் காலியாக இருக்கும்போதே வரி மடிந்துவிடுகிறது. இந்தப் பிழையான வாக்கியத்தை நானே பலருக்குப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது வருத்தம் தருகிறது.

சரியான விளக்கம் கூடுகளின் உட்பிரிவுகளான துணைக்கூடுகளில் இருக்கிறது. எஸ் துணைக்கூட்டில் 2, பி-யில் 6, டி-யில் 10, எஃப்-இல் 14 எலக்ட்ரான்கள் கொள்ளும். ஆர்கானில் 3பி (மூன்றாம் கூட்டின் பி) நிரம்பியதும், பொட்டாசியத்தின் புதிய எலக்ட்ரான் 3டி-க்குப் போகாமல் 4எஸ்-க்குப் போகிறது. உட்கருவுக்கு அருகில் ஊடுருவும் தன்மை 4எஸ்-க்கு அதிகம் என்பதால் அந்த இடத்தில் அதுவே ஆற்றல் குறைந்தது. எனவே, பி துணைக்கூடு நிரம்பி அடுத்த எஸ் தொடங்கும் இடத்தில் வரி மடிகிறது என்று சொல்லவேண்டும். தொடர்களின் (கிடை வரிகளின்) நீளமும் இதிலிருந்தே வருகிறது: 2, 2+6, 2+10+6, 2+14+10+6.

நிரம்பும் வரிசையே எலக்ட்ரான்கள் நீங்கும் வரிசை என்று கொள்ளக்கூடாது. இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும்போது முதலில் போவது 4எஸ் எலக்ட்ரான்கள்தான். குரோமியமும் தாமிரமும் நிரப்பும் விதியையே மீறி, 4எஸ்-இல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் அவற்றின் இடம் மாறவில்லை.

ஜூன் 6

மற்றொரு வாசகர் வரிசைமுறையையே கேள்வி கேட்டிருக்கிறார்: முதலில் எடையை வைத்துத்தானே அடுக்கினார்கள், பிறகு டெல்லூரியமும் அயோடினும் எப்படி இடம் மாறின?

டெல்லூரியத்தின் அணு நிறை 127.60, அயோடினுடையது 126.90. எடைப்படி அயோடின் முதலில் வரவேண்டும். அப்படி வைத்தால் அயோடின் கந்தகத்தின் தொகுதியிலும், டெல்லூரியம் குளோரினின் தொகுதியிலும் போய் விழும். இரண்டையும் கையாண்டவர் எவரும் அதை ஏற்கமாட்டார். மெண்டலீவ் டெல்லூரியத்தை முன்னால் வைத்தார். அதன் அணு நிறையைத் தவறாக அளந்திருக்கிறார்கள் என்றும் நம்பினார். அவர் கொடுத்த இடம் சரி. சொன்ன காரணம் தவறு. அளவீட்டில் பிழை இல்லை. டெல்லூரியத்தின் ஐசோடோப்புகளில் (ஒரே தனிமத்தின், நிறை வேறுபட்ட அணு வகைகளில்) ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 128, 130 என்ற கனமானவை. இயற்கையில் கிடைக்கும் அயோடினோ 127 ஒன்றே.

ஆர்கானும் பொட்டாசியமும் இதைவிட என்னைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10. நம் வளிமண்டல ஆர்கானில் 99.6 விழுக்காடு ஆர்கான்-40. அது எங்கிருந்து வந்தது? பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து, அதிலிருந்து பிறந்த வாயு அது. ஆர்கானைத் தன்னைவிடக் கனமாக்கியது பொட்டாசியமேதான். சூரியனில் உள்ள ஆர்கானில் பெரும்பங்கு ஆர்கான்-36. அங்கே அதன் சராசரி நிறை 36-க்குச் சற்றே மேல். சூரியப் பொருளை எடைபோட்டு அட்டவணை எழுதியிருந்தால் இந்த முரண்பாடே எழுந்திருக்காது. எந்த இடத்தில் எடைபோட்டோமோ அதற்கேற்ப மாறும் ஓர் எண், தனிமத்தின் அடையாளமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அடையாளத்தைக் கண்டவர் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி. 1913, 1914 ஆண்டுகளில் தனிமங்கள் உமிழும் எக்ஸ் கதிர்களை அளந்து, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சமமான படிகளில் ஏறுகிறது என்று காட்டினார். ஒவ்வொரு படியிலும் உட்கருவின் மின்சுமை ஒன்று கூடுகிறது. அந்த மின்சுமையே அணு எண். கோபால்ட், நிக்கலைவிடக் கனமானதாக இருந்தும் 27ஆம் படியில் நின்றது, நிக்கல் 28. படிகளில் 43, 61, 75 ஆகிய மூன்றுக்கு ஆள் இல்லை என்பதும் தெரிந்தது. ரீனியம் 1925-இலும், டெக்னீசியம் 1937-இலும், புரோமித்தியம் 1945-இலும் அந்த இடங்களுக்கு வந்தன. மோஸ்லி 1915-இல் கலிப்பொலிப் போரில், 27 வயதில் இறந்தார். தான் சுட்டிய மூன்றில் ஒன்றைக்கூட அவர் காணவில்லை.

ஜூன் 7

அன்று அறியப்படாத தனிமங்களுக்காக மெண்டலீவ் தம் அட்டவணையில் விட்ட காலி இடங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அறிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுமினியத்துக்கு அடுத்தது என்ற பொருளில் அவர் பெயரிட்ட ஏகா-அலுமினியம் 1875-இல் காலியமாகவும், ஏகா-போரான் 1879-இல் ஸ்காண்டியமாகவும், ஏகா-சிலிக்கான் 1886-இல் ஜெர்மானியமாகவும் கிடைத்தன. காலியத்தைக் கண்டவர் அதன் அடர்த்தியை 4.7 என்று அளந்தபோது, அந்த உலோகத்தைக் கண்ணால் காணாத மெண்டலீவ் அது 5.9-க்கு அருகில் இருக்கவேண்டும் என்று எழுதினார். தூய்மைப்படுத்தி மறுபடி அளந்ததில் 5.9 வந்தது. பொதுவாக இங்கே முன்னறிவிப்பின் துல்லியத்தையே பாராட்டுகிறோம். காலி இடம் விடும் துணிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். எண்ணிக்கொண்டு மட்டும் போகிறவர் காலி இடம் விடமாட்டார். வரி எங்கே மடியவேண்டும் என்று உறுதியாக நம்புகிறவரால்தான் அது முடியும்.

ஜூன் 9

நாடாவைக் கத்தரிக்காமல் ஒரு குழாயில் சுற்றினால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். 1862-இல் பிரெஞ்சு நிலவியலாளர் டி சான்கூர்த்துவா அதைத்தான் செய்தார். சுற்றளவு 16 அலகுகள் கொண்ட உருளையில் தனிமங்களை அணு எடைப்படி திருகுசுருளாக எழுதினார். லித்தியம் 7, சோடியம் 23, பொட்டாசியம் 39. இடைவெளி இரண்டிலும் 16 என்பதால் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தன. கட்டுரையை வெளியிட்டவர்கள் படத்தை விட்டுவிட்டார்கள். படம் இல்லாமல் அதைப் புரிந்துகொள்ள எவராலும் இயலவில்லை.

நானும் சுற்றிப் பார்த்தேன். எட்டுக் கட்டம், அதாவது 16 செ.மீ. சுற்றளவுள்ள டப்பாவில் பொட்டாசியம் வரை அழகாக அமைந்தது. அதற்குப் பிறகு நாடா தளர்ந்து வெளியே புடைத்தது. 18 கட்டங்களுக்கு அந்தச் சுற்று போதவில்லை. மாறாத சுற்றளவு கொண்ட உருளையில் இந்த வரி அடங்காது.

ஜூன் 12

ஹீலியம். என் ஜூன் 4 திருத்தத்தில் "பி நிரம்பி அடுத்த எஸ் தொடங்கும் இடம்" என்று எழுதினேன். ஹீலியத்தில் பி துணைக்கூடே இல்லையே என்று இருவர் கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயமானது. எலக்ட்ரான் அமைப்பை மட்டும் பார்த்தால், எஸ் துணைக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியம் பெரிலியத்தின் மேல் நிற்கவேண்டும். நடத்தையைப் பார்த்தால் நியானின் மேல் நிற்கவேண்டும்: அதன் அயனியாக்கும் ஆற்றல், அதாவது முதல் எலக்ட்ரானை அகற்ற வேண்டிய ஆற்றல், 2372 கிலோஜூல், எல்லாத் தனிமங்களிலும் உயர்ந்தது.

ஹீலியத்தைப் பெரிலியத்தின் மேல் வைக்கும் மடிப்பும் உண்டு. பிரான்சின் சார்லஸ் ஜானே 1920-களின் இறுதியில் எஸ் துணைக்கூடு முடியும் இடத்தில் வரியை மடித்தார். அவருடைய தொடர்கள் 2, 2, 8, 8, 18, 18, 32, 32 என்று இரண்டிரண்டாக இணைந்து 120-இல் முடிகின்றன. என் நாடாவை அப்படியும் மடித்துப் பார்த்தேன். பள்ளமே இல்லாமல், இடப்பக்கம் படிக்கட்டாக இறங்கும் அழகான உருவம் வந்தது. ஆயினும் நியானுக்கும் சோடியத்துக்கும் இடையிலான அந்தச் செங்குத்தான சரிவு அதில் ஒரு தொடரின் நடுவில் மறைந்துபோகிறது. வேதியியல் படிப்பவருக்கு முதலில் தெரியவேண்டிய சரிவு அது. ஆகவே வழக்கமான மடிப்பையே நான் விரும்புகிறேன். ஹீலியத்தை அதன் நடத்தைக்காக நியானின் மேல் வைப்பதையும் ஏற்கிறேன்.

ஹைட்ரஜனைப் பற்றி இவ்வளவு உறுதி எனக்கு இல்லை. அதன் அயனியாக்கும் ஆற்றல் 1312 கிலோஜூல். லித்தியத்தின் 520-ஐவிடக் குளோரினின் 1251-க்கு நெருக்கமானது. சோடியத்துடன் சேரும்போது எலக்ட்ரானைப் பெற்று, குளோரினின் குடும்பமான ஹாலஜன்களைப் போல எதிர் அயனியாகவும் ஆகிறது. முதல் தொகுதியில் எழுதினாலும், கீழுள்ள லித்தியத்திலிருந்து ஒரு கோடிட்டுப் பிரித்தே எழுதுகிறேன்.

ஜூன் 18

அடியில் தனியே தொங்கும் இரு வரிகளைப் பற்றி. அவை அட்டவணைக்கு வெளியே உள்ளவை என்று நினைப்பவர்கள் பலர். தாளின் அகலம் போதாததால் மட்டுமே கீழே இறக்கப்பட்டவை அவை. 32 கட்டத் துண்டுகளை அப்படியே விரித்தால் பேரியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் இடையில் பொருந்திவிடும்.

அந்தத் துண்டு அங்கே நுழைந்திருப்பதன் விளைவை ஹாஃப்னியத்தில் காணலாம். ஒரு தொகுதியில் கீழே போகப்போக அணு பெரிதாகவேண்டும். ஆனால் சிர்கோனியத்தின் உலோக ஆரம் 160 பிக்கோமீட்டர். அதற்குக் கீழுள்ள ஹாஃப்னியத்தினுடையது 159. இடையில் நுழைந்த அந்த வரியால் 14 புரோட்டான்கள் கூடுதலாகச் சேர்ந்தன; எஃப் எலக்ட்ரான்கள் அவற்றைச் சரிவர மறைக்காததால் அணு சுருங்கிவிட்டது. அளவும் மின்சுமையும் ஒன்றானதால் ஹாஃப்னியம் சிர்கோனியத் தாதுக்களுக்குள் அடையாளம் தெரியாமல் ஒளிந்திருந்தது. 1923-இல் காஸ்டரும் ஹெவசியும் கோபன்ஹேகனில் அதைக் கண்டது மோஸ்லியின் எக்ஸ் கதிர் முறையால்தான். 72ஆம் தனிமம் அருமண் உலோகமாக (அடி வரியைச் சேர்ந்ததாக) இராது, சிர்கோனியத்தின் கீழ் வரும் என்று இயற்பியலாளர் நீல்ஸ் போர் வகுத்த அணுக் கொள்கை சொன்னதால்தான் சிர்கோனியத் தாதுவில் தேடினார்கள்.

யுரேனியத்தின் கதையில் நான் எட்டு மடிப்பில் கண்ட அதே ஏமாற்றம் இருக்கிறது. தோரியம் 4, புரோட்டாக்டினியம் 5, யுரேனியம் 6 என்ற ஆக்சிஜனேற்ற நிலைகளை நம்பி, அவற்றை ஹாஃப்னியம், டான்டலம், டங்ஸ்டன் ஆகியவற்றின் கீழ் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அவை லாந்தனைடுகளுக்கு (லாந்தனத்தில் தொடங்கும் முதல் அடி வரிக்கு) கீழே இன்னொரு வரியாக வரவேண்டும் என்று 1940-களின் நடுவில் சொன்னவர் அமெரிக்க வேதியியலாளர் சீபோர்க். உயர்ந்தபட்ச நிலை ஒன்றாக இருப்பது உறவுக்கு ஒரு சான்றுதான். அது மட்டும் போதாது.

ஜூன் 19

ஒரு திருத்தம் வேண்டும். "பேரியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் இடையில் பொருந்திவிடும்" என்று எளிதாக எழுதிவிட்டேன். அடி வரிகளை எண்ணிப் பாருங்கள்: பெரும்பாலான படங்களில் 15 கட்டங்கள் இருக்கும். எஃப் துணைக்கூட்டில் 14 இடங்கள்தான் உண்டு. மிஞ்சிய ஒன்று இட்ரியத்தின் கீழ் போகவேண்டும். அது லாந்தனமா, லூட்டீசியமா? லாந்தனத்தை வைத்தால் டி தொகுப்பு (டி துணைக்கூடு நிரம்பும் பத்துத் தனிமங்கள்) ஒன்றும் ஒன்பதுமாக உடைகிறது. லூட்டீசியத்தை வைத்தால் உடையாமல் வருகிறது. பன்னாட்டுத் தூய மற்றும் பயன்பாட்டு வேதியியல் ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கை லூட்டீசியத்தின் பக்கம் சாய்ந்தது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஜூன் 27

தொகுதி என்றால் குடும்பம் என்று இந்தக் குறிப்புகள் முழுவதும் பேசிவிட்டேன். லித்தியத்தைக் கையாளும்போதெல்லாம் அந்த உறுதி சற்றே தளர்கிறது. காற்றில் எரியும்போது நைட்ரஜனுடனும் சேருகிறது. கார்பனேட்டைச் சூடாக்கினால் ஆக்சைடாகச் சிதைகிறது. சோடியம் இவற்றைச் செய்வதில்லை, மெக்னீசியம் செய்கிறது. லித்தியம் அயனியின் ஆரம் 76 பிக்கோமீட்டர், மெக்னீசியத்தினுடையது 72, சோடியத்தினுடையது 102 என்ற எண்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். நெடுக்காகவும் கிடையாகவும் மட்டுமன்றி மூலைவிட்டமாகவும் அட்டவணையைப் படிக்கவேண்டும்.

ஜூலை 2

119ஆம் தனிமம் எங்கே வரும் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை எவரும் அதை உருவாக்கவில்லை. உருவானால் பிரான்சியத்தின் கீழ் எட்டாம் தொடரைத் தொடங்கும்.

ஆனால் 118-ஐயே இன்னொரு முறை பார்க்கவேண்டும். ஓகனெசான் அணுக்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே உருவாக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சில மில்லி நொடிகளுக்குள் சிதைந்துவிடுகிறது. அதைக் கொண்டு ஒரு வேதிவினையும் செய்து பார்த்ததில்லை. 108ஆம் தனிமமான ஹாசியத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது: சில அணுக்களை மட்டுமே கொண்டு அதன் டெட்ராக்சைடை உருவாக்கி, மேலுள்ள ஆஸ்மியத்தைப் போலவே நடந்துகொள்கிறது என்று காட்டினார்கள். ஓகனெசான் மந்த வாயுக்களின் கீழ் நிற்பதற்கோ எண்ணிக்கை மட்டுமே ஆதாரம். கணக்கீடுகளைப் பார்த்தால் அது மந்தமாகவும் இராது, சாதாரண வெப்பநிலையில் வாயுவாகவும் இராது என்று தோன்றுகிறது. ஜூன் 2 கேள்வியில் சொன்னபடி எண்ணிக்கொண்டே போய் எழுதிய கட்டம் அட்டவணையில் உண்டென்றால், அது இந்தக் கடைசிக் கட்டம்தான்.

என் நாடாவில் ஹீலியம், நியான், ஆர்கான் ஆகியவற்றின் கட்டங்களில் ஆக்சைடுக்கான இடத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். செனானுக்கு 3, 4 என்ற விகிதங்கள் இருக்கின்றன. 118-இல் பெயரை மட்டும் எழுதி, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.